தறி சத்தத்துல எழுதுறான், ஸ்கூல் பெல்லுக்குக் காதைப் பொத்துறான்: வீட்டுப்பாடத்துக்கு என்ன செய்யலாம்?

தார்க்குச்சி:

எங்க வீடு பள்ளிப்பட்டு பக்கம். பெரியவனுக்கு எட்டு வயசு, மூணாவது படிக்கிறான். காலையில வேன் ஏறி பார்டர் தாண்டி ஆந்திரா பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலுக்குப் போறான். (ஏன் அங்கன்னு கேக்காதீங்க, அது மாமனார் எடுத்த முடிவு.) அங்க தெலுங்கு, இங்கிலீஷ், இந்தி. வீட்டுல தமிழ். வீட்டை ஒட்டின ஷெட்டுல நாலு பவர்லூம் ஓடுது, லுங்கி நெய்றோம். அவன் நைனா தறி பார்ப்பார், நான் ஊடைநூலைக் குச்சியில தாரா சுத்துவேன்.

பையன் மக்கு கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லேன்னா "நல்ல ட்யூஷனாப் பாருங்க"ன்னு வந்துடுவீங்க. ஒன்பதாம் வாய்ப்பாட்டை வாயால கேட்டா தறிக்குத் தறி நடந்துக்கிட்டே கடகடன்னு ஒப்பிப்பான். எந்தத் தறியில தார் தீரப்போகுதுன்னு எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும். நோட்டைத் திறந்தாத்தான் சங்கடம். பென்சிலை அவ்வளவு அழுத்துவான், நாலு வரிக்குள்ள முனை ஒடிஞ்சிடும், இல்லேன்னா பேப்பர் கிழியும். எழுதின எழுத்து பின்பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்கும், கண்ணை மூடிக்கிட்டு விரலால தடவியே படிச்சிடலாம். அரைப் பக்கம் முடியறதுக்குள்ள ஒரு காலை மடிச்சு, இன்னொரு காலை ஆட்டி, சரிஞ்சு, மேஜை மேலயே படுத்துடுவான். போர்டுல டீச்சர் எழுதினதை இவன் பாதி எடுக்கறதுக்குள்ள அழிச்சிடறாங்களாம். அந்த மீதி வீட்டுக்கு வருது. அதோட அன்னைக்கு வீட்டுப்பாடம். தப்பு விட்ட வார்த்தையை அஞ்சு அஞ்சு தடவை எழுதிட்டு வான்னு சொல்றது தனி. ராத்திரி சோறு ஆறிப்போகுது, இவனுக்கு நோட்டு முடியலை.

சட்டைக் காலர்ல இருக்கிற லேபிளை நான் தையல் பிரிச்சே எடுத்துடுவேன், கத்தரிச்சா மிச்சம் இருக்கிற முனை குத்துதுன்னு அழுவான். சாக்ஸ் தையல் விரல்ல இடிச்சா ஷூ பறக்கும். ஸ்ட்ராபெரி மணத்தோட ஒரு ரப்பர் விக்கிறாங்களே, அதைப் பக்கத்துப் பையன் வெச்சிருந்தா அன்னைக்கு இவன் நோட்டு காலி. ஆயா ஒரு தாயத்தும் கட்டிப் பார்த்தாங்க. கயிறு கழுத்துல உரசுதுன்னு அன்னைக்கே அறுத்துட்டான்.

நான் கேக்க வந்தது வேற. ஸ்கூல்ல பெல் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு பெஞ்சுக்கு அடியில போயிடறான். ப்ரேயர்ல மைக் கீச்சுன்னு கத்தினா அழறான். இதைச் சொன்னா, எங்க வீட்டு சங்கதி தெரிஞ்ச டீச்சர், "பவர்லூம் வீட்டுப் பையனுக்கு பெல் சத்தம் தாங்கலையா? நடிக்கிறாம்மா"ன்னு சிரிக்கிறாங்க. எனக்கும் அதுக்கு பதில் சொல்லத் தெரியலை. ஏன்னா சாயங்காலம் அவன் கொஞ்சமாவது எழுதறதுன்னா அது ஷெட்டுக்குள்ளதான். நாலு தறியும் ஓடறப்ப நூல் மூட்டையில சாய்ஞ்சு உக்காந்து, தொடை மேல அட்டையை வெச்சு எழுதுவான். வீட்டுக்குள்ள அமைதியா உக்கார வெச்சா ஒரு வரி நகராது. கரண்ட் போய் தறியெல்லாம் ஒரேயடியா நின்னா, அப்பதான் திடுக்குனு எழுந்து ஓடி வந்து என் முந்தானையைப் பிடிச்சுக்குவான்.

நாலு தறிக்கு ஒத்துக்கிற காது ஒரு பெல்லுக்கு ஏன் ஒத்துக்க மாட்டேங்குது? சென்னையில இருக்கிற நாத்தனார் "சென்சரி ப்ராசசிங் பிரச்சனையா இருக்கும், சத்தம், தொடுதல், வாசனையை மூளை எடுத்துக்கிறதுல வர்ற சிக்கல்"னு சொல்லி, பாரம் வெச்சுத் தைச்ச போர்வை, தொங்குற ஊஞ்சல், காதுல மாட்டுற ஹெட்போன்னு லிங்க் லிங்க்கா அனுப்பினாங்க. விலையைப் பார்த்துட்டு மூடி வெச்சுட்டேன். வீட்டுல இருக்கிறதை வெச்சு என்ன செய்யலாம்? ஸ்கூல்ல என்னன்னு கேக்கறது?

ராஜா ஆர்கேபேட்டை:

எங்க காலத்துல ரெண்டு வெச்சா எல்லாம் சரியாயிடும். முதல்ல செல்போனைப் பிடுங்குங்க.

தார்க்குச்சி:

வீட்டுல இருக்கிறது ஒரே செல்போன் அண்ணா. அது இப்ப என் கையில இருக்கு.

பாலாற்றங்கரை:

அக்கா, நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், எழுதறது, உடுத்தறது மாதிரி அன்றாட வேலைக்குப் பயிற்சி கொடுக்கறவன். வேலூர்ல குழந்தைங்களோடதான் வேலை. பையனைப் பார்க்காம இதுதான்னு பேர் வைக்க மாட்டேன். ஆனா அந்த டீச்சர் சிரிச்சதுக்கு ஒரு பதில் இருக்கு.

தறி ஒரே தாளத்துல அடிக்குது. அடுத்த அடி எப்ப விழும்னு அவன் உடம்புக்கு முன்னாடியே தெரியும். பெல் அப்படி இல்லை, எந்த நொடியில வெடிக்கும்னு தெரியாம அவன் காலையில இருந்து காத்துக்கிட்டு உக்காந்திருக்கான். இந்த மாதிரிக் குழந்தைங்க பல பேருக்கு, சத்தம் எவ்வளவு பெருசுங்கிறதை விட அது சொல்லாம வருதுங்கிறதுதான் கஷ்டம். ஆதாரம் உங்க பதிவுலயே இருக்கு. கரண்ட் போனா பயப்படறான்னு எழுதியிருக்கீங்க. அங்க சத்தம் கூடலையே, நின்னுதானே போச்சு? நடிக்கிறவனா இருந்தா அமைதிக்கு ஏன் பயப்படணும்? இதை அப்படியே டீச்சர்கிட்ட சொல்லுங்க.

அடுத்தது உங்களுக்குப் பிடிக்காது. ஷெட்டுக்குள்ள உக்கார்ந்து எழுதறதை நிறுத்தணும். வேலை செய்யற பெரியவங்களுக்கே 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையணும்னு அமெரிக்காவுல தொழிலாளர் உடல்நலத்தை ஆராயற நையாஷ் நிறுவனம் சொல்லுது. அந்தக் கணக்குல 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம். பவர்லூம் ஷெட்டுல 90 தாண்டறது சர்வசாதாரணம். தறி அவன் மனசுக்கு ஒத்துப்போகுது, சரி. உள்காதுல சத்தத்தை உணர்ற செல்லுக்கு அது தெரியாதே. செத்தா திரும்ப முளைக்காது. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்துதான் சொல்றேன்: பஞ்சு வெச்சா பத்தாது, இயர் ப்ளக் வாங்குங்க.

அதுக்காக அவனைக் கொண்டுபோய் அமைதியான ரூம்ல அடைக்கச் சொல்லலை. ஷெட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், முதுகு சுவர்ல படற மாதிரி தரையில உக்கார வைங்க. தாளம் சுவர் வழியாவும் தரை வழியாவும் வந்து சேரும், காதைக் கெடுக்கிற சத்தம் நிறைய அடைபட்டுடும். நடுவுல கதவு இருந்தா சாத்தி வைங்க. ஷெட்டுல அவன் தேடினது பெரும்பாலும் அந்த அதிர்வைத்தான்னு என் ஊகம்.

இதுக்கெல்லாம் முன்னாடி காதையும் கண்ணையும் டெஸ்ட் பண்ணிடுங்க. போர்டைப் பார்த்து எழுத முடியலைன்னு வந்த குழந்தைக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சனை தீர்ந்ததை நான் பார்த்திருக்கேன். தறி வீட்டுப் பிள்ளைக்குக் காது டெஸ்ட் எப்படியும் நல்லது.

பென்சிலை அழுத்தறது பிடிவாதம் இல்லை. எவ்வளவு அழுத்தறோம்னு அவன் விரல் அவனுக்கு சரியாச் சொல்றதில்லை, அதனால அழுத்தமா உணர்ற வரைக்கும் அழுத்தறான். பில் புக்குல வைக்கிற கார்பன் பேப்பர் உங்க வீட்டுல இருக்கும். மேல ஒரு தாள், கார்பன், கீழ ஒரு தாள். கீழ் தாள்ல எழுத்து விழாம மேல எழுதிக் காட்டுன்னு விளையாட்டா விடுங்க. அப்புறம் லேசா மட்டும் விழற மாதிரி. தினம் ரெண்டு வரி போதும், அதுல எழுத்தழகு, தப்பு எதையும் பார்க்கக் கூடாது. பென்சில் குட்டையா, கொஞ்சம் தடிமனா, முக்கோணமா இருந்தா பிடி இளகும்.

நாற்காலியில சரியறதுக்குக் காரணம் கால் தொங்கறதாக்கூட இருக்கலாம். பாதம் முழுசா எதுலயாவது ஊனணும், செங்கல்லை அடுக்கி மேல பலகை போட்டாலும் சரி. காலை ஆட்டியே ஆகணும்னா பழைய சைக்கிள் ட்யூபை நாற்காலியோட முன்னங்கால் ரெண்டுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டுங்க. அதை உதைச்சுக்கிட்டே எழுதட்டும். எங்க சென்டர்ல அதுக்குன்னே ரப்பர் பட்டை வாங்கறோம், ட்யூப் அதே வேலையைச் செய்யும்.

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பாரமான வேலை கொடுங்க. நூல் மூட்டையை ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளட்டும், சின்னக் குடத்துல தண்ணி கொண்டு வரட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும். தசைக்கும் மூட்டுக்கும் வேலை கிடைச்சா சில குழந்தைங்க அதுக்கப்புறம் நிலையா உக்காருவாங்க. 'சில'ன்னு வேணும்னேதான் சொல்றேன். ஜீன் ஏர்ஸ்னு அமெரிக்காவுல எங்க தொழில்காரங்க ஒருத்தங்க, 1972ல எழுதின புத்தகத்துல இருந்து வளர்ந்த துறை இது. ஆனா 2012ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாதமி, இந்தச் சிகிச்சைக்கு ஆராய்ச்சி ஆதாரம் இன்னும் குறைவுதான், அதைப் பெத்தவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு டாக்டர்களுக்கு எழுதினாங்க. அதனால பாரம் தைச்ச போர்வை, கோட்டு இதுக்கெல்லாம் காசைக் கொட்டாதீங்க. நாத்தனார் கோவிச்சுக்கட்டும். எதைச் செஞ்சாலும் ஒண்ணை மட்டும் செஞ்சு, ரெண்டு மூணு வாரம் பார்த்து, எழுதற வரி கூடுதா, அழுகை குறையுதான்னு ஒரு காலண்டர்ல குறிச்சு வைங்க. கூடலைன்னா விட்டுடுங்க.

தார்க்குச்சி:

தம்பி, ரொம்ப நன்றி. ஷெட்டைப் பத்தி சொன்னது சுருக்குனுதான் இருக்கு. அவன் நைனாகிட்ட படிச்சுக் காட்டினேன். "தறி ஓட்டறவன் எவனுக்குய்யா காது நல்லாருக்கு"ன்னு சத்தமா கேட்டார். அவர் எதைக் கேட்டாலும் சத்தமாத்தான் கேப்பார், காரணம் இப்பத்தான் புரியுது.

சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி மூட்டை இருக்கு, அதை நகர்த்திட்டு இடம் பண்றேன்.

ஸ்கூல் விஷயம் யாராவது சொல்லுங்க. ஒரேயடியா பத்து சலுகை கேட்டா "டி.சி. வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிடுவாங்க. சர்டிபிகேட் இருந்தாத்தான் கேக்க முடியுமா? நாங்க தமிழ்நாடு, ஸ்கூல் ஆந்திரா, யார்கிட்ட வாங்கறது?

திருத்தணி டீச்சர்:

நான் அரசுப் பள்ளியில இடைநிலை ஆசிரியை. சர்டிபிகேட்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

'சென்சரி ப்ராசசிங்'ங்கிறதுக்குன்னு தனியா சான்றிதழ் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல 21 வகை இருக்கு, அதுல இது இல்லை. ஆட்டிசம் இருக்கு, கற்றல் குறைபாடு இருக்கு. ஆட்டிசத்துல இந்த மாதிரி சத்தம், தொடுதல், வாசனை எல்லாம் தாங்காம போறதும் ஒரு அடையாளம்னு அமெரிக்க மனநல மருத்துவர்களோட 2013 கையேட்டுலயே சேர்த்திருக்காங்க. அதுக்காக இதெல்லாம் இருந்தாலே ஆட்டிசம்னு நினைச்சுடாதீங்க. பேசறது, பழகறது, விளையாடறது எல்லாத்தையும் பார்த்துத்தான் டாக்டர் சொல்லுவார். வேலூர் சி.எம்.சி.யில குழந்தை வளர்ச்சிக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல நிப்மெட்னு மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கு. உங்க ஊருக்கு வேலூர்தான் தோது. சான்றிதழ்ல குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ வந்தா அதுக்குரிய சலுகையெல்லாம் உண்டு. யூ.டி.ஐ.டி.ன்னு சொல்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுக்கச் செல்லும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே விண்ணப்பிக்கலாம், ஸ்கூல் ஆந்திரான்னு கவலை வேண்டாம்.

சான்றிதழ் வந்தா ஒண்ணு முக்கியமா கேளுங்க. அந்தச் சட்டத்தோட 17வது பிரிவுல கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், இரண்டாவது மூணாவது மொழியில இருந்து விலக்கு, மூணும் எழுதியிருக்கு. உங்க பையன் வீட்டு மொழியையும் சேர்த்து நாலு சுமக்கிறான், அதுல ஸ்கூல்ல எழுதற மூணுக்கும் எழுத்து வேற வேற. கை எழுதவே கஷ்டப்படற பிள்ளைக்கு இந்தி எழுத்து இப்ப என்ன அவசரம்? அரசு அங்கீகாரம் வாங்கின தனியார் பள்ளியையும் இந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்.

ஆனா சான்றிதழ் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒரு டீச்சர் மனசு வெச்சாலே நடக்கற விஷயங்கள் இருக்கு. தாள்ல அரைப் பக்கத்துக்கு மிகாம எழுதி எடுத்துட்டுப் போங்க, வாயால சொன்னா முப்பத்தஞ்சு பிள்ளைக்கு நடுவுல எங்களுக்கு மறந்துடும். அவனுக்கு என்ன வியாதின்னு நீட்டாதீங்க. போர்டுல இருந்து எழுதறதுக்கு பதிலா பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பக்கத்துலயே வெச்சு எழுதட்டும்னு கேளுங்க. தலையைத் தூக்கி, வரியைத் தேடி, ஞாபகம் வெச்சு, திரும்பத் தலையைக் குனிஞ்சு வரியைத் தேடறது அவனுக்குப் பெரிய வேலை. வீட்டுப்பாடத்துல 1, 3, 5ன்னு ஒண்ணு விட்டு ஒரு கணக்கு மட்டும் எழுதறது, மீதி வாய்ப்பதில்னு கேளுங்க. அஞ்சு தடவை எழுதறதுக்கு பதிலா ஒரு தடவை, ஆனா தப்பில்லாம. உக்கார்றது சுவர் ஓரம், கதவுக்கும் பெல்லுக்கும் தள்ளி. முதல்ல இதுல ரெண்டு கேளுங்க. அது நடந்து பையன் ஒரு நோட்டு முடிச்சுக் காட்டினா மீதியை டீச்சரே செய்வாங்க. எங்க ஆளுங்களை எனக்குத் தெரியும்.

எங்க பள்ளிக்கு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல மாட்டேன். வட்டார வள மையத்துல இருந்து சிறப்பாசிரியர் வருவாங்க, அது நல்ல விஷயம். ஆனா 2022ல இருந்து சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்குது. பாட்டு, கைதட்டல், ஆட்டம்னு வகுப்பே கலகலன்னு இருக்கும். நிறையப் பிள்ளைகளுக்கு அதுதான் படிப்பு, உங்க பையன் மாதிரி ஒருத்தன் என் வகுப்புல மேஜைக்கு அடியில இருந்துதான் எண்ணைக் கத்துக்கிட்டான். நான் விட்டுட்டேன். எண் வந்துடுச்சே.

இன்னொண்ணு, அடிப்பாங்களோன்னு பயம் இருந்தா: கல்வி உரிமைச் சட்டம் 2009, 17வது பிரிவு. உடம்புல அடிக்கிறதும் மனசுல அடிக்கிறதும் ரெண்டுமே தடை. மேல ராஜா அண்ணனும் படிக்கட்டும்.

புத்தூர் அம்மா:

நாங்க ஆந்திரா பக்கம். வீட்டுல தமிழ்தான். என் பொண்ணு இப்ப ஒன்பதாவது. சின்ன வயசுல இதே கதை, பெல் அடிச்சா பாவாடையைத் தூக்கிக் காதுல வெச்சுக்குவா. எங்க பக்கம் மண்டலத்துல சிறப்புக் குழந்தைங்களுக்குன்னு பவிதா சென்டர்னு ஒண்ணு அரசு நடத்துது, அங்க இருந்த மேடம் எங்க ஸ்கூல் ஹெச்.எம். கிட்ட பேசி ஒரு வேலை பண்ணாங்க. சாயங்காலம் வீட்டுக்கு விடற பெல்லை அட்டெண்டரோட சேர்ந்து இவளே அடிக்கணும்னு. முதல்ல அடிக்கிற கட்டையைப் பிடிக்கவே மாட்டேன்னா. அவர் மெதுவா ஒரு தட்டு தட்டி, "இப்ப நீ, எவ்வளவு சின்னதா அடிக்க முடியும் பார்ப்போம்"னு விட்டார். நாள் போகப் போக அடிக்கிறது இவ கைக்கு வந்துடுச்சு. மத்த பெல்லுக்கு க்ளாஸ் லீடர் பொண்ணு கடியாரத்தைப் பார்த்து முதுகுல தட்டுவா, உடனே காதைப் பொத்திக்குவா. பொத்தறது நிக்கலை, பெஞ்சுக்கு அடியில போறது நின்னுடுச்சு. எனக்கு அது போதும்.

சாக்ஸை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மாட்டி விடுங்க. தையல் வெளிய போயிடும், ஷூவுக்குள்ள யார் பார்க்கப் போறா.

வீட்டுக்கு வந்த உடனே நோட்டை எடுக்கச் சொல்லாதீங்க. ஸ்கூல்ல ஏழு மணி நேரம் காதைக் கட்டிக்கிட்டு இருந்துட்டு வர்ற பிள்ளை. என் பொண்ணு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற சந்துல போய் படுத்துக்குவா. கூப்பிட மாட்டேன், முறுக்கோ கடலையோ கடிக்கிற மாதிரி ஏதாவது ஒரு கிண்ணத்துல தள்ளி விடுவேன். தானே எழுந்து வந்தப்புறம்தான் எழுத்து.

தார்க்குச்சி:

எல்லாருக்கும் நன்றி. சுவர் இடம் பண்ணியாச்சு. அரிசி மூட்டையை அவனே தள்ளினான், அதனால பாரமான வேலையும் முடிஞ்சது. கார்பன் பேப்பர் நடக்குது. கீழ் தாள்ல விழாம எழுதறேன்னு பென்சிலைத் தூக்கிப் பிடிச்சு ஒண்ணுமே விழாம ஒரு பக்கம் எழுதிக் காட்டினான், சிரிச்சுட்டேன். சுவர் ஓரத்துல ஷெட்டுல எழுதின அளவு இன்னும் எழுதலை. நடு நடுவுல எழுந்து போய் கதவுல காதை வெச்சுப் பார்த்துட்டு வர்றான். காது டெஸ்ட்டுக்கு மூணு பேருமாப் போறோம்.

டீச்சர்கிட்ட பக்கத்துப் பையன் நோட்டு, அஞ்சு தடவைக்கு பதிலா ஒரு தடவை, இந்த ரெண்டை மட்டும் தாள்ல எழுதிக் கொடுத்தேன். நோட்டுக்கு சரின்னாங்க. ஒரு தடவைக்கு "பார்க்கலாம்"னாங்க. கரண்ட் போனா பயப்படறான், சத்தமே இல்லாததுக்கு ஏன் பயப்படணும்னு கேட்டேன். அதுக்கு சிரிக்கலை. பெல் அடிக்கிற யோசனையை நோட்டு ரெண்டு வாரம் ஒழுங்காப் போனப்புறம் எடுக்கறேன்.

தம்பி, ட்யூப் எந்த உயரத்துல கட்டணும்? அவன் நைனா ரொம்ப இறுக்கி முறுக்கிக் கட்டிட்டார், உதைச்சா நாற்காலியே நகருது.

பாலாற்றங்கரை:

கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல, தரையில இருந்து ஒரு சாண். கையால இழுத்தா நாலு விரல் தூரம் வரணும், அவ்வளவு தளர்வு போதும். பிளாஸ்டிக் நாற்காலியா இருந்தா நகரத்தான் செய்யும், பின்பக்கத்தைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. வால்வு இருக்கிற இடத்தை வெட்டிட்டுக் கட்டுங்க, கால்ல கிழிக்கும்.